திமிங்கலத்தைக் கும்பிட்ட கை

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சமையலானாலும் சரி, மோட்டார் ரிப்பேரானாலும் சரி, "பாத்துக்கலாம்" என்றுதான் வரும். இந்த வியாதி என்னை நடுக்கடல் வரை கொண்டுபோய்விட்டது.

பள்ளத்தூர்ப் பள்ளியில் நான் டிராயிங் வாத்தியார். கூட வேலை பார்த்த சேவியர் சாரின் மகள் ஜெனிபர் கடல் ஆராய்ச்சி மாணவி. தூத்துக்குடிப் பக்கம் திமிங்கலங்கள் வலசை போகும் வழியைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நமக்குக் கைரேகை மாதிரி அவற்றுக்கு வாலாம். முந்தின வருஷம், வால் ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட ஒன்றைப் படம் எடுத்திருந்தாள். அதுவே திரும்பவும் வருகிறது என்று காட்ட இன்னொரு வால் படம் வேண்டும். அது கிடைத்தால்தான் அவள் படிப்பு கரையேறும். படம் எடுக்க வேண்டிய தன்னார்வலருக்கோ அம்மை போட்டுவிட்டது.

"நம்ம டிராயிங் சார் ஆண்டு விழாவெல்லாம் பிரமாதமா எடுப்பாக" என்று சேவியர் கொளுத்திப் போட்டார்.

"திமிங்கலந்தானே, பாத்துக்கலாம்" என்றேன். (என்னமோ கல்லல் சந்தையில் வாராவாரம் பார்க்கிற ஆடு மாதிரி.)

படகில் மூன்று பேர். ஜெனிபர், படகோட்டி அந்தோணி அண்ணாச்சி, நான். முதல் நாலு நாள் திமிங்கலம் வரவில்லை; நான் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. ஐந்தாம் நாள்தான் கடைசி. அதற்குமேல் படகு கிடையாது.

"சார், முங்கும்போதுதான் வாலைத் தூக்கும். மூணு நாலு செகண்டுதான். விட்டுறாதீக" என்றாள் ஜெனிபர்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

என் கைகளைப் பற்றி அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். காரைக்குடி போகிற ரோட்டில் எத்தனை கோயில் உண்டோ அத்தனைக்கும் அவை என்னைக் கேட்காமலே கும்பிடும். பைக் ஓட்டும்போதும் கும்பிடும், அதுவும் இரண்டு கையும் சேர்ந்து. என் மனைவி வள்ளி பல வருஷமாகப் பஸ்ஸில்தான் போகிறாள்.

பதினோரு மணி வாக்கில் அண்ணாச்சி கையை நீட்டினார். தண்ணீர் பீச்சியடித்தது. முதுகு வந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அந்த வால், தண்ணீர் வழிய வழிய, தேர் நிமிர்கிற மாதிரி நிமிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேமராவை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டேன். கண்ணை வேறு மூடிக்கொண்டேன்.

திறந்தபோது கடல் மட்டும் இருந்தது.

"சார், எடுத்துட்டீகளா?"

நான் இன்னும் கையை இறக்கவில்லை. கேமரா கழுத்து வாரில் தொங்கிக்கொண்டிருந்தது. (கடலில் விழுந்து தொலைத்திருந்தால் கௌரவமாக ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம்.)

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீக" என்று அவள் அழுதேவிட்டாள். கடலில் குதித்துவிடலாம் போல அவமானமாக இருந்தது. நீச்சலும் தெரியாது.

ஏதாவது பதிந்திருக்குமா என்று கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். நான் அதை வீடியோவில் வைத்திருந்திருக்கிறேன்; கையை விடும்போது பொத்தானும் அமுங்கியிருக்கிறது. மிதவைச் சட்டையில் சிக்கி மேல்நோக்கித் திரும்பிக்கொண்ட கேமரா, என் தாடையையும் குவிந்த கைகளையும் பிடித்திருந்தது. பக்கத்தில் ஜெனிபர். இடத்தைக் குறிக்கும் கருவியை அமுக்க வேண்டியவள், அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெனிபர் மெதுவாக அண்ணாச்சி பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, நீங்களாவது வாலைப் பாத்தீகளா? பிறை வெட்டு இருந்துச்சா?"

"நான் எங்க பாத்தேம்மா, படகைத் திருப்புறதுல இருந்தேன்ல."

ஜெனிபர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கரை வரும்வரை நிறுத்தவில்லை. இறங்கும்போது மட்டும், "அப்பாகிட்டச் சொல்லிறாதீக சார்" என்றாள்.

என்னால் அவளுக்கு ஒரு வருஷம் வீண். அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூட்டிப்போய் வாலைப் படம் எடுத்தாள். பட்டமும் வாங்கிவிட்டாள். வீடியோவை எனக்கே அனுப்பிவைத்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

வீட்டுக்கு யார் வந்தாலும் வள்ளி போனை நீட்டிவிடுவாள். பார்ப்பவர்கள் கடைசிவரை பார்த்துவிட்டு, "இதுல திமிங்கலத்தையே காணோமே" என்பார்கள்.

"இவுகளை வீடியோ எடுத்ததே திமிங்கலந்தானே" என்பாள் அவள். "அதான் அது மட்டும் இதுல இல்ல."