சிவப்புச் சீட்டு ஒட்டிய லேப்டாப்

பரிசு கொடுத்து ஒரு மனிதனைக் கெடுக்க முடியும். என்னைக் கெடுத்தது ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் ஜக்கு.

2012இல் ஒரகடத்தில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வகுப்பு எடுப்பார்கள். வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஐந்து விதிகள். முதல் விதி, தேவையில்லாததைக் கழிப்பது. யாருடையது என்று தெரியாத பொருளின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டும். சொன்ன கெடுவுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் அது ஸ்கிராப். ஒரே மாதத்தில் நாற்பது சீட்டு ஒட்டினேன். (அதில் ஒன்று, மெயின்டனன்ஸ்காரர் சாப்பிடப் போனபோது சாய்த்துவிட்டுப் போன ஏணி.) ஜக்கைக் கொடுத்து, என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் மாட்டினார்கள். அன்றிலிருந்து கண்ணில் பட்டதெல்லாம் எனக்குக் குப்பையாகத் தெரிந்தது.

படப்பையில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். எல்லாரும் தெற்கே இருந்து வந்தவர்கள். மூன்று ஷிஃப்டிலும் ஆள் இருந்ததால், ஆறு பேரும் சேர்ந்தாற்போல் விழித்திருந்த நாளே கிடையாது. முன்பு குடியிருந்த இன்ஜினியர் வேண்டாம் என்று விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்று எங்கள் பொதுச்சொத்து. அதன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, குளியலறைக்கு வரிசையில் நின்று, குளித்து, துணியையும் அலசிக் காயப்போட்டு வந்தால், அப்போதுதான் திரையில் விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சை மேடு தெரியும்.

என் லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் தேவராஜ் வடக்குப்பட்டுக்காரன். அவனிடம் புலம்பினேன்.

"இன்னாபா, இன்னும் எக்ஸ்பியே வெச்சிக்கினு கீற? செவன் போடு, சும்மா பறக்கும். வூட்ல சிடி கீது, எட்த்தாரேன்."

"உள்ள இருக்கது எல்லாம் போயிருமே?"

"போனாத்தான்பா ஸ்பீடு."

ஃபைவ் எஸ் வகுப்பில் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப் மூடியில் சிவப்புக் காகிதம் ஒட்டினேன். 'வேண்டியதை ஞாயிறு காலை பத்து மணிக்குள் எடுத்துக்கொள்ளவும். எடுக்காதவை ஸ்கிராப்.' கீழே கையெழுத்தும் போட்டேன். சொந்த அறையில், கூடப் படுத்துத் தூங்குகிறவர்களுக்கு.

சுடலைமுத்து அதைப் பார்க்கவில்லை. அவன் வியாழக்கிழமையே ஷிஃப்ட் முடிந்ததும் நாங்குநேரிப் பக்கம் கோயில் கொடை விழாவுக்குப் போய்விட்டான்.

சுடலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பர்மனென்ட். அவன் ஐந்து வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. ஒரே கேன்டீன், ஒரே வேலை நேரம், லைனும் சட்டை நிறமும் மட்டும் வேறு. ஊரில் அவனுக்கு ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். 'பர்மனென்ட் ஆகட்டும், மறு வாரமே பூ வைப்போம்' என்று பெண்ணின் அப்பா சொல்லியிருந்தார். அதற்கு ஒரு வழியும் இருந்தது. வேலையைச் சுலபமாக்கும் சின்னச் சின்ன மாற்றங்களுக்கு எங்கள் தொழிற்சாலையில் போட்டி வைப்பார்கள். கைசன் என்று பெயர். அதில் முதலில் வரும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பர்மனென்டுக்குச் சிபாரிசு செய்வது வழக்கம். சுடலை ஏதோ தயார் செய்கிறான் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை மூன்று மணிக்குப் போட்டி என்பதும் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனுக்கு ஜக்கு கொடுக்க மாட்டார்கள்.

ஞாயிறு பத்து மணி. லேப்டாப்பைத் திறந்தேன். என் பாட்டுகள் நானூறையும் பென் டிரைவில் ஏற்றினேன். ஓரத்தில் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று கிடந்தது. பெயர் வைக்காத பொருள். திறந்து பார்த்தேன். தரையில் கிடக்கும் இரும்புத் தொட்டியின் போட்டோ. இதை எவன் படம் பிடித்து வைப்பான் என்று சிரித்துக்கொண்டே சிடியைப் போட்டேன். எல்லாம் போயிற்று.

சாயங்காலம் செவன் ஏறி முடிந்தது. பறக்கவில்லை. அந்த லேப்டாப் எக்ஸ்பியையே மூச்சு வாங்கித்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அதில் செவனைப் போட்டது, ஷேர் ஆட்டோவில் கன்டெய்னரை ஏற்றின மாதிரி. முன்பு குளித்துவிட்டு வரலாம். இப்போது ஒரு ஷிஃப்டே பார்த்துவிட்டு வரலாம். போதாததற்குச் சத்தமும் வரவில்லை. நானூறு பாட்டும் சும்மா கிடந்தன.

திங்கள் காலை சுடலை வந்தான். நெற்றியில் மஞ்சணை, கையில் தூக்குவாளி நிறையக் கிடாக்கறி.

"லே செல்வம், உனக்குன்னு ஈரலு தனியா எடுத்து வச்சேம்ல. தின்னு. தின்னுட்டு லேப்டாப்ப போடு, ஒரு தடவ பாத்துக்கிடுதேன்."

"வேகமாக்கிருக்கேன்" என்றேன். (வாயில் ஈரல்.)

திரை வருவதற்குள் அவன் இரண்டு முறை வெளியே போய் வந்தான். திரை வந்ததும் தேடினான்.

"நியூ ஃபோல்டர எங்கல?"

"சீட்டு ஒட்டிருந்தேன். யாரும் கேக்கல."

"நான் ஊருல இருந்தேம்லா."

"டைம் குடுத்திருந்தேன்லா."

"ஒரு போன் போட்டா என்னல?"

விதியில் போன் கிடையாது. அதை அவனிடம் சொல்லவும் செய்தேன். நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"உன் பாட்டு?"

"பென் டிரைவ்ல இருக்கு."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவன் அடிக்கவில்லை. தூக்குவாளியை எடுத்து மூடி போட்டான். அவ்வளவுதான்.

அந்தப் போட்டோக்களைத் திரும்ப எடுக்க முடியாது. தொழிற்சாலை கேட்டிலேயே எங்கள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எடுத்தது சூப்பர்வைசரின் கேமராவில், அதை அவர் என்றைக்கோ சுத்தம் செய்துவிட்டார். (அவரும் ஃபைவ் எஸ்தான்.) உதிரிப்பாகம் கிடக்கும் தொட்டியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிச் சரிவாக வைத்ததுதான் சுடலையின் மாற்றம். ஸ்டாண்டை வெல்டிங் வைத்து முடித்தாகிவிட்டது. 'பிஃபோர்' என்று மாற்றத்துக்கு முந்தைய நிலையைக் காட்டப் பழைய தொட்டி தரையில் இல்லை.

"நீ வா" என்றான். "நீதாம்ல பிஃபோர்."

மீட்டிங் அறையில் ஏழெட்டு மேனேஜர்கள். தரையில் ஒரு காலித் தொட்டி, அதில் கொஞ்சம் பிராக்கெட். சுடலை சுவர் ஓரமாக நின்றுகொண்டு என்னைக் காட்டி, "சார், இது பிஃபோர்" என்றான். நான் குனிந்து ஒன்றை எடுத்தேன், நிமிர்ந்து மேஜையில் வைத்தேன். ஒரு மேனேஜர் ஸ்டாப்வாட்சை எடுத்தார்.

"லைன் ஸ்பீடுலயே பண்ணுங்க. டைம் எடுக்கணும்."

பண்ணினேன். தொட்டி காலியானதும் இன்னொருவர் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொட்டினார். பண்ணினேன். என் லைனில் குனியும் வேலையே கிடையாது. பத்தாவது நிமிடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. தரையைப் பார்த்தபடி அப்படியே நின்றேன். நோட்டீஸ் போர்டு நாயகன்.

"சார், இவன் பத்து நிமிசத்துல இப்பிடி ஆயிட்டான்" என்று சுடலையின் குரல் மட்டும் கேட்டது. "நாங்க அஞ்சு வருசமா எட்டு மணி நேரம் குனிஞ்சோம்."

ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர் அதை மேஜையில் வைத்தார். பிறகு கை தட்டினார்கள். பிளான்ட் மேனேஜர் எழுந்து வந்து அவனுக்குக் கை கொடுத்தார். குனிந்திருந்த எனக்கு இரண்டு ஜோடி ஷூ தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. சாஃப்ட் காப்பி குடுத்திருங்க, ஹெட் ஆபீசுக்கு ஏத்தணும்."

சாஃப்ட் காப்பி இல்லை, அது நியூ ஃபோல்டரோடு போயிற்று. இல்லாவிட்டால் ஏற்ற முடியாதாம். ஏற்றாவிட்டால் போட்டியிலேயே இல்லையாம். முதல் பரிசு, பெட்டிகளில் ஒட்டும் லேபிளின் நிறத்தை மாற்றிய ஒருவனுக்குப் போயிற்று. அவன் ஸ்லைடில் எழுத்துகள் சுற்றிச் சுற்றி வந்து உட்காருமாம். ஒருவனுடைய ஐந்து வருட இடுப்புவலியைக் கண்ணால் பார்த்துக் கை தட்டிய பிறகும் ஃபைல் கேட்ட அந்தக் கம்பெனி மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அந்த ஃபைலை அழித்தவன் நான்.

பெண்வீட்டார் மூன்று மாதம் பொறுத்தார்கள். பிறகு தூத்துக்குடியில் பர்மனென்ட் வேலையில் இருந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். சுடலை அதைச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டு ரசம் கேட்டான். நான் ஊற்றினேன்.

அடுத்த வருடம் வேறொரு கைசன் செய்தான். பென் டிரைவை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டே திரிந்தான். குளிக்கும்போது மட்டும் கழற்றி, என்னைத் தவிர மற்ற யாரிடமாவது கொடுப்பான். பர்மனென்ட் ஆனான். அதற்கும் பிறகுதான் கல்யாணம்.

இப்போது படப்பையில் சொந்த வீட்டில் இருக்கிறான். நான் போகும் போதெல்லாம் அவன் மனைவி எனக்கு ஒரு ஆம்லெட் அதிகம் வைப்பாள். "அண்ணன் மட்டும் அன்னைக்கு அத அழிக்கலன்னா, நான் இந்த வீட்டுக்கு வந்திருப்பனா?" என்று சிரிப்பாள். சுடலை சிரிக்க மாட்டான். அந்த வீட்டில் லேப்டாப் இருக்கும் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை.

அவன் மகளுக்கு என் பெயர் செல்வம் என்று இன்னும் தெரியாது. பிறந்ததிலிருந்து கேட்டது பிஃபோர் மாமாதான். போன வருடம் பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் படித்துவிட்டு வந்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எப்பா, இவுக பிஃபோர் மாமான்னா, ஆஃப்டர் மாமா யாருப்பா?"

சுடலை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவன் இன்னும் வரலட்டி."