ஏழாம் பாதிப்பு

மனித வரலாற்றை நெருப்புக்கு முன், நெருப்புக்குப் பின் என்று பிரிக்கும் அறிஞர்கள் எங்கள் குடிநீர் அலுவலகத்துக்கு வந்ததில்லை. வந்திருந்தால் ‘முதல் பதிப்புக்கு முன், பின்’ என்று திருத்தி எழுதியிருப்பார்கள். கம்ப்யூட்டரை ஆட்டுவிக்கும் அந்த மென்பொருள் சில வருடங்களுக்கு ஒருமுறை புதிதாக அவதரிக்கும். ஒவ்வொரு அவதாரத்தையும், கண்காணிப்பாளர் என்ற முறையில், முன்னின்று வரவேற்றவன் நான்.

மூன்றாம் பதிப்பில் திரையின் மூலையில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால்தான் எதுவும் நடக்கும். நான்காம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அலுவலகமே தேடியது. ஐந்தாம் பதிப்பில் அதே பொத்தானை அதே மூலையில் வைத்து, ‘புதிய வசதி’ என்று அறிவித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். ஆறாம் பதிப்பு அதை நடுவுக்கு நகர்த்தியது. அதற்கு எங்களுக்குப் பயிற்சி முகாம், மதியச் சாப்பாட்டுடன்.

ஏழாம் பதிப்பு ஏறும் நாளன்று வாசலில் அறிவிப்பு ஒட்டச் சொன்னேன். டைப்பிஸ்ட் அம்மா ஒட்டியதில், ‘இன்று முதல் புதிய பாதிப்பு’ என்றிருந்தது.

“பதிப்புக்கு எதுக்கும்மா கால் போட்டீங்க?”

“நான் போடல சார். ஆறாவது தானாவே திருத்திடுச்சு. போறவங்களுக்கு வர்றவங்களைப் பத்தித் தெரியாதா?”

அந்த நேரம் பார்த்துத் தையல்கார அக்கா வந்தார். சாலை வேலைக்காக அவர் சந்தின் வால்வை மூடியிருந்தோம். சாலை போட்டு முடித்தும் திறக்கவில்லை. திறக்கும் உத்தரவு கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். வந்தால் உடனே கிளம்ப, ஃபிட்டர் ஆளுயர இரும்பு வால்வுச் சாவியோடு பெஞ்சில் ‘தயார் நிலையில்’ இருந்தார். ஆறாம் பதிப்புக் காலத்திலிருந்தே அப்படித்தான் இருக்கிறார்.

“உட்காருங்கக்கா. கம்ப்யூட்டர் புதுசாகிட்டிருக்கு,” என்றேன்.

“போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க.”

“அது ஆறுல ஒரு சின்னத் திருத்தம். இது ஏழு. ரொம்ப வேகம்.”

“எனக்குப் பழைய தண்ணி வந்தாலே போதும் சார். வீட்டுல மாமியார் படுத்த படுக்கை. அடுத்த தெருவுலேருந்து குடம் தூக்கித் தூக்கிக் கை நடுங்குது. ஊசியில நூல் கோக்க முடியல.”

பதிலுக்குத் திரையைக் காட்டினேன். தொண்ணூற்றொன்பது சதவீதம். காலையிலிருந்தே தொண்ணூற்றொன்பதுதான். அந்த உறுதியை நான் மதிக்கிறேன்.

திரை திடீரென்று நீலமானது. ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறோம். உங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்’ என்றது.

அக்கா அதை நின்று படித்தார். ஃபிட்டரும் எட்டிப் படித்தார். பிறகு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

“எங்கப்பா?”

“சந்துக்கு.”

“உத்தரவு?”

“வருத்தம் வந்துடுச்சே சார். அது போதும்.”

சற்று நேரத்தில் சந்தில் தண்ணீர் வந்துவிட்டது. நிர்வாகம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? மாலையில் ஏழாம் பதிப்பு ஒருவழியாக எழுந்து உட்கார்ந்ததும், ‘உத்தரவின்றித் தண்ணீர் வழங்கிய’ குற்றத்துக்காக ஃபிட்டருக்கு ஒரு மெமோ அடித்தேன். அச்சாகவில்லை. பிரிண்டரைத் தனக்குத் தெரியாது என்று ஏழாம் பதிப்பு சொல்லிவிட்டது. இரண்டும் பல வருடம் ஒரே மேசையில் குடித்தனம் செய்தவை. மெமோ எட்டாம் பதிப்புக்காகக் காத்திருக்கிறது.

மறுநாள் தையல்கார அக்கா மீண்டும் வந்தார். நன்றியை ஏற்றுக்கொள்ள ஏதுவாக நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் ஃபிட்டரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் மேசைக்கு வந்து கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மாத்தி மாத்தி, ஏழாவதுல உங்க மெஷினே வருத்தப்படக் கத்துக்கிச்சு,” என்றார். “நீங்க மட்டும் இன்னும் முதல் பதிப்புலேயே இருக்கீங்களே சார்?”