பதினேழு மணி நேரக் காதல்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் தன் மனைவியின் ரசனையைத் திருத்திவிடுவது என்று கோவிந்தராஜ் முடிவெடுத்தான். ஒரு வாரம் தாராளம். மராட்டிய ஊரான சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு முழுவதையும் மூன்றே மாதத்தில் திருத்தியவன் அவன். அங்கே நாற்பது பேர். இங்கே தீபா ஒரே ஆள்.

தீபாவுக்கு உட்கார்ந்து புத்தகம் படிக்க நேரமில்லை. அதனால் கேட்பாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அது முடிந்ததும் போனில் ஒரு ஆப்பைத் திறந்து, காதில் மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் போவாள். மாவு பிசைகிற கை சில சமயம் அப்படியே நின்றுவிடும். ஒருத்தி ஒருத்தனிடம் மனசைத் திறந்து ஏதோ சொல்லப் போகிறாள் என்று அர்த்தம். அந்த ஒருத்திக்கும் ஒருத்தனுக்கும் வயது பதினேழைத் தாண்டாது. இப்போது ஓடிக்கொண்டிருந்த கதையின் பெயர் ‘நீல நிற ரெக்கார்ட் நோட்டு’. மூன்று பாகம்.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர் வீட்டு லீலா ஆன்ட்டியும் ஜெயசீலன் அங்கிளும் டீக்கு வந்திருந்தார்கள். ஜெயசீலன் தேஹு ரோடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்கள் முன்னால்தான் கோவிந்தராஜ் ஆரம்பித்தான்.

“பிளஸ் டூ பசங்க லவ் பண்றாங்க ஆன்ட்டி. முப்பத்திரண்டு வயசுல இவ இங்க உக்காந்து கண்ணத் தொடைக்கறா.”

“அரே, கத அச்சா இருந்தா கேக்கறதுதானே,” என்றாள் லீலா.

“ஒரு அத்தியாயம் கேட்டுப் பாத்துட்டுப் பேசுங்க,” என்றாள் தீபா.

“நானா? அதயா?”

“உங்க ஃபேக்டரில பாக்காமயே பீஸ ரிஜெக்ட் பண்ணுவீங்களா?”

ஜெயசீலன் டீக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கோவிந்தராஜைத் தைத்தது.

எனவே திட்டம். தீபாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு அத்தியாயம் கேட்பது. குறைகளை வரிசையாக எழுதுவது. ஞாயிறு மத்தியானம் ரசம் ஊற்றும் நேரத்தில் வாசிப்பது. ஆப்பின் கடவுச்சொல்லைப் போட்டுக்கொடுத்தவனே அவன்தான். தன் போனிலும் அதே கணக்கைத் திறந்துகொண்டான். தீபா நாலாம் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தியிருந்தாள். அவன் முதலிலிருந்து கேட்டான். ஒவ்வொரு தடவையும் கேட்டு முடித்ததும், நிறுத்திய இடத்தைக் காட்டும் அடையாளத்தைப் பழையபடி நாலாம் அத்தியாயத்தின் நடுவுக்கே நகர்த்தினான். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வை என்பது தொழிற்சாலையில் ஜப்பான்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்த பாடம். அதில் கோவிந்தராஜை யாரும் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை ஆகுர்டியில் கம்பெனி பஸ் ஏறினான். மடியில் நோட்டு, கையில் பேனா.

குறை ஒன்று: கதாநாயகி மிருதுளா ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் குடையை மறந்துவிட்டு வருகிறாள். நம்பும்படி இல்லை.

குறை இரண்டு: கதிர் என்கிற பையன் வாயைத் திறப்பதே இல்லை. வாய் திறந்திருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும்.

குறை மூன்று: மிருதுளா தன் கடிதத்தைக் கதிரின் இயற்பியல் ரெக்கார்ட் நோட்டுக்குள் வைக்கிறாள். இது சரியான முறை அல்ல. ஏனெனில் நோட்டு

அங்கே பேனா நின்றுவிட்டது. ஏனென்றால் கதிர் நோட்டைத் திறக்காமலே கொண்டுபோய் ஆய்வகத்தில் அடுக்கிவிட்டான். ஆசிரியர் அந்த அடுக்கைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாளை முதல் பத்து நாள் விடுமுறை.

“தொறந்து பாருடா, டேய்,” என்றான் கோவிந்தராஜ், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

முன் சீட்டுகளிலிருந்து ஒன்பது தலைகள் திரும்பின. ஒன்பதும் அவன் பிரிவு ஆட்கள்.

“க்யா ஹுவா, சார்?” என்றான் பக்கத்தில் இருந்த மனோஜ்.

“அலமாரி சாவி,” என்றான் கோவிந்தராஜ். அது பொய்யும் இல்லை.

பஸ்ஸில் கேட்பது அன்றோடு முடிந்தது. கீழே வேலை பார்க்கும் ஆட்கள் முன்னால் இன்னொரு தடவை கத்தினால், மறுநாள் அவன் ஒரு பீஸை ரிஜெக்ட் செய்தாலும் எவனும் மதிக்க மாட்டான். ஆனால் அலமாரி பூட்டிக் கிடந்தது. நாள் முழுக்க அவன் மனசும் அந்த அலமாரிக்குள்ளேயே கிடந்தது.

வீட்டில் எப்படிக் கேட்பது? சோபாவில் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என்ன கேக்கறீங்க என்பாள். வாக்கிங் போகிறேன் என்றால், ஆறு வருஷமாகப் போகாதவன் இன்றைக்கு ஏன் போகிறான் என்பாள். யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனவன் தொட்டியைப் பார்த்தான். பாத்திரம் தேய்க்க வரும் சுனந்தா மாவ்ஷி, தீபாவளி முடிந்துதான் வருவேன் என்று ஊருக்குப் போயிருந்தாள். தொட்டி நிரம்பி வழிந்தது. கோவிந்தராஜுக்கு வெளிச்சம் உண்டாயிற்று. பாத்திரம் தேய்க்கிற புருஷனை உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் குறுக்கு விசாரணை செய்ய மாட்டாள்.

“என்னங்க பண்றீங்க?”

“பாத்தரம்.”

“தெரியுதுங்க. காதுல என்ன?”

“டிரெய்னிங். ஆடிட் வருது. கேட்டே ஆகோணும்.”

“அப்பச் சரி, கேளுங்க. அந்தக் குக்கர் அடிய மட்டும் கொஞ்சம் பாருங்க. புடிச்சுக் கெடக்குது.”

குக்கர் அடியை அவன் இருபத்தைந்து நிமிடம் தேய்த்தான். விடுமுறையில் ஆய்வகத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். அலமாரியை வெளியே தூக்கி மழையில் வைத்தார்கள். கோவிந்தராஜ் தேய்த்த தேய்ப்பில் குக்கர் அடியில் அவன் முகம் தெரிந்தது. கவலையான முகம்.

அன்றிலிருந்து வீட்டில் எது அழுக்காக இருந்தாலும் அவன் கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை குளியலறை டைல்ஸ். புதன்கிழமை ஜன்னல் கம்பி, ஒவ்வொன்றாக. வியாழக்கிழமை சின்ன வெங்காயம். தமிழ்க்கடைக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும் என்று தீபா இரண்டு கிலோ வாங்கி வந்திருந்தாள்.

“நீ போய் ரெஸ்ட் எடு. நான் உரிச்சுடறேன்.”

“ரெண்டு கிலோவுமா? அரைக் கிலோ போதுங்க.”

“ரெண்டு கிலோவும்தான்.”

அன்றைக்கு மிருதுளாவின் அப்பா மாற்றலாகி, குடும்பமே ஏற்காட்டை விட்டுப் போகிறது. கோவிந்தராஜ் தேம்பிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டு லீலா கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தாள்.

“அரே கோவிந்த், காந்தா உரிக்கறதுக்கு யாராச்சும் இப்படி அழுவாங்களா?”

“இது சின்னது ஆன்ட்டி. காரம் ஜாஸ்தி.”

லீலா அவனைப் பார்த்தாள். உரித்து முத்து முத்தாகக் குவித்திருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். பிறகு தீபாவைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் கறிவேப்பிலையோடு பால்கனிக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கோவிந்தராஜ் கவனிக்கவில்லை. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கதிரை இன்னும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குறைப்பட்டியல் வரவில்லை. ரசம் ஊற்றினாள் தீபா. கோவிந்தராஜ் அப்பளத்தைப் பாராட்டினான். ஒரு அத்தியாயமாவது கேட்டீர்களா என்று அவளும் கேட்கவில்லை. அங்கேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறைத்திருக்க வேண்டும். முதல் பாகம் முடிந்த அன்றே ஆப்பில் இரண்டாம் பாகம் வந்து உட்கார்ந்திருந்தது. தீபாவின் அடையாளமோ இன்னும் முதல் பாகத்தின் நாலாம் அத்தியாயத்தில்தான் நின்றது. தொழிற்சாலையில் மேஜைமேல் ஒரு போல்ட் கூடுதலாகக் கிடந்தாலும், இது எங்கிருந்து வந்தது, யார் வைத்தது என்று கேட்கிறவன் கோவிந்தராஜ். இப்போது எதையும் கேட்கவில்லை. நல்லகாலம் என்று நினைத்துக்கொண்டு ஸ்டூலைப் போட்டு ஃபேனைத் துடைக்க ஏறினான்.

“தீவாளி வருதுங்க. லாஃப்ட் எப்புடி இருக்கோ தெரியல,” என்றாள் தீபா, யாரிடமோ சொல்வதுபோல்.

“நான் இருக்கறன்ல,” என்றான் மேலேயிருந்து.

லாஃப்டில் ஐந்து வருஷத் தூசி இருந்தது. கல்யாணத்துக்கு வந்த சுவர்க்கடிகாரம் ஏழு இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் அங்கிருந்து பழைய பாயை உதறப் பால்கனிக்கு வந்தபோது, எதிர் பால்கனியில் ஜெயசீலன் அங்கிள் முழங்காலிட்டுக் கம்பி துடைத்துக்கொண்டிருந்தார். காதில் ஒயர் தொங்கியது.

“என்ன அங்கிள் கேக்கறீங்க?”

“கிரிக்கெட் கமெண்டரி,” என்றார் ஜெயசீலன். கண் சிவந்திருந்தது. “நீ?”

“ஆடிட் டிரெய்னிங்.”

அன்றைக்கு எங்கேயும் மேட்ச் இல்லை. ஆனால் வேலையாக இருக்கும் ஒருவரைத் தொந்தரவு செய்வது கோவிந்தராஜின் பழக்கம் அல்ல. உள்ளே போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை லாஃப்டின் கடைசி மூலையில், ஏழு கடிகாரங்களுக்கு நடுவில் தலையை விட்டிருந்தபோது இரண்டாம் பாகம் முடிந்தது. சேலம் ரயில் நிலையம். ரயில் கிளம்பப் போகிறது. கதிர் ஓடி வருகிறான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான்: “மிருதுளா, அந்தக் கடிதத்தை நான்…”

விசில் சத்தம். இசை. அவ்வளவுதான்.

“நான்… என்னடா நான்?” என்றான் கோவிந்தராஜ். ஏழு கடிகாரங்களில் ஒன்றும் ஓடவில்லை.

மூன்றாம் பாகம் ஆப்பில் இல்லை. அன்று இரவு பார்த்தான், சனிக்கிழமை இரண்டு தடவை பார்த்தான். இல்லை. அந்தக் கணக்கில் அவனே புத்தகம் வாங்கலாம். வாங்கினால் தீபாவின் போனுக்குத் தகவல் போகும். வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவனே காபி போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

“தீபா.”

“ம்.”

“ஸ்கூல் பசங்க கத ஒண்ணு கேட்டுட்டு இருந்தியே.”

“எதுங்க?”

“ஏதோ நோட்டுன்னு.”

“ஓ, அதுங்களா. விட்டுட்டனுங்க.”

கோவிந்தராஜ் காபியை அப்படியே விழுங்கினான். நாக்கு பொசுங்கியது.

“ஏன் விட்ட?”

“நீங்க சொன்னத யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் பட்டுச்சு. முப்பத்திரண்டு வயசுல இதென்னங்க பழக்கம்.”

“நான் அப்படிச் சொல்லல.”

“லீலா ஆன்ட்டி சாட்சி.”

“சரி, சொன்னேன். ஆனா வயசுல என்ன இருக்குது?” அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “பதினேழு வயசுல நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? பொள்ளாச்சில பாலிடெக்னிக். லேத் முன்னாடி நின்னுட்டு இருந்தேன். எங்க ஊட்ல மொத மொதப் படிக்கப் போனவன் நான். ஒரு பாடத்துல போனாலும் எங்கப்பன் மறுபடி மில்லுக்குக் கூட்டிட்டுப் போயிருவாருன்னு பயம். எந்தப் புள்ள என்னயப் பாத்துது, பாக்கல, எனக்கென்ன தெரியும்? நிமிந்து பாத்தாத்தானே. அதெல்லாம் எப்படித்தான் இருந்திருக்கும்னு இப்பக் கேட்டுத் தெரிஞ்சுக்கறதுல என்ன தப்பு?”

தீபா டம்ளரைக் கீழே வைத்தாள். அவனை ஒரு நிமிடம் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் அவள் மனசு இளகியிருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“கதிர் மாதிரி ஒரு பையன் அப்ப எனக்குச் சிநேகிதனா இருந்திருந்தா,” என்றான் கோவிந்தராஜ்.

“கதிரா? யாருங்க அது?”

“பொதுவாச் சொன்னேன். பசங்கன்னா கதிர்னு ஒருத்தன் இருப்பான்ல.”

“இருப்பான், இருப்பான். இப்ப என்ன, மூணாவது பாகம் வாங்கச் சொல்றீங்களா?”

“உனக்காகத்தான் சொல்றேன்.”

தீபா போனை எடுத்து எதையோ தேடினாள். “பதினேழு மணி நேரமாமுங்க.”

“பதினேழா?” அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை அவனாலேயே மறைக்க முடியவில்லை.

“அதாங்க யோசனையா இருக்குது.” தீபா வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஜன்னல் கம்பி மின்னியது. ஃபேன் இறக்கை மின்னியது. “மொதப் பாகம் ஒம்பது மணி நேரம். குக்கர், டைல்ஸ், கம்பி, வெங்காயம்னு சரியாப் போச்சு. ரெண்டாவது பதினொண்ணு. ஃபேனும் லாஃப்டும் முடிஞ்சுது. பதினேழு மணி நேரத்துக்கு நம்மூட்ல எங்கீங்க வேலை இருக்குது?”

கோவிந்தராஜ் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான்.

“எப்ப இருந்து தெரியும்?”

“குக்கர்ல இருந்தே சந்தேகம். அப்பறம் ஆப்ல இருந்து வாரா வாரம் எனக்கு மெயில் வருதுங்க. ஒம்பது மணி நேரம் கேட்டிருக்கீங்க, வாழ்த்துகள்னு. நான் கேட்டது நாப்பது நிமிசம்.”

எடுத்த இடத்தில் வைத்ததெல்லாம் சரி. எவ்வளவு நேரம் எடுத்தான் என்பதை ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் கோவிந்தராஜ் வெட்கப்பட்டிருப்பான். ஆனால் சேலம் ரயில் நிலையத்தில் கதிர் இரண்டு நாளாக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோவிந்தராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைப் பார்த்தான்.

“லீலா ஆன்ட்டி வீட்டு லாஃப்ட்டும் தூசியாத்தான் கெடக்கும். பாவம், வயசானவங்க. தீவாளிக்கு நான் வேணும்னா…”

“அது உங்களுக்குக் கெடைக்காதுங்க,” என்றாள் தீபா, காபியை எடுத்துக்கொண்டு. “அங்கிள் நேத்துதான் ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சிருக்காரு.”