பதினாலாவது ஸ்லைடு

கால்நடைகளின் நலனைக் கருத்தில் கொண்டு, செவ்வாய்க்கிழமை தோறும் காலை பதினொரு மணிக்கு டாக்டர்கள் மாடு பார்ப்பதை நிறுத்திவிட்டு, மாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. பேச்சுன்னா வெறும் பேச்சு இல்லீங்க. டாக்டர் கம்ப்யூட்டர்ல ஓடுற படமும் அவர் குரலும் நேரலையா நம்ம செல்போனுக்கே வந்துடும். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற அலைச்சல் மிச்சம். ஒவ்வொரு பால் சொசைட்டியில இருந்தும் இருபது பேர் கட்டாயம் பாக்கணும். கடைசி வரைக்கும் பாத்தவங்களுக்குச் சான்றிதழ்.

மாரண்டஹள்ளிக்கு இந்தப் பக்கம் எங்க ஊர். நான் குப்புராஜ், சொசைட்டி செக்ரட்டரி. எங்க ஆபீசுக்கு எதுத்தாப்புலதான் மாட்டாஸ்பத்திரி. இருந்தாலும் உத்தரவை மதிச்சு, செல்போனைச் சாய்ச்சு வெச்சுக்கிட்டு உக்காந்தேன். அன்னிக்குத் தலைப்பு, ‘கன்று ஈனும் மாட்டுக்கு முதலுதவி’.

பதினொண்ணு அஞ்சுக்கு ரோசம்மாள் அக்கா தன் சினைமாட்டை ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துச்சு. அக்கா வூட்டுல இருக்கிறது அந்த ஒரே மாடு. தலைச்சன் ஈத்து. வர்ற வழியிலேயே தண்ணிக்குடம் உடைஞ்சு, ஆஸ்பத்திரி வாசல்லயே மாடு படுத்துடுச்சு. டாக்டர் மைக் திறந்தே இருந்ததால அப்புறம் நடந்தது பூராவும் எங்க செல்போன்ல தெளிவாக் கேட்டுச்சு.

“சார், கன்னோட ஒரு கால்தான் வெளிய தெரியுது. இன்னொண்ணு உள்ள மடங்கிக்கிச்சுங்க. ஓடியாங்க சார்!”

டாக்டர் மாதவராஜ் தங்கமான மனுசன், கோபமே வராது. “நான் நேரலையில இருக்கேன்மா. எந்திரிச்சா இருநூத்திப் பன்னெண்டு பேரும் போயிடுவாங்க. லிங்க்ல வந்து கேளுங்க.”

“எங்கிட்ட பட்டன் போனுதானுங்க.”

“பயப்படாதீங்க. கால் மடங்குனா என்ன பண்றதுன்னு பதினாலாவது ஸ்லைடுல இருக்குது.”

“அதை இப்பவே சொல்லிருங்க சார், புண்ணியமாப் போகும்!”

“வரிசையை மாத்தக்கூடாதும்மா, மேலிடம் ஒப்புதல் குடுத்த வரிசை. இப்ப நாலாவதுல இருக்கோம்.”

நாலாவது, திட்டத் தொடக்க விழாப் படம். அஞ்சாவது, அதே விழா, வேற மூலையில இருந்து எடுத்தது. ஆறாவது ‘பசுவின் பயன்கள்’. அப்பதான் மாடு அடிவயித்துல இருந்து ஒரு கத்து கத்துச்சு பாருங்க!

மாவட்ட அதிகாரி கோகிலவாணி மேடம் உடனே நேரலைக்குக் கீழ எழுதுனாங்க: “பொருத்தமான பின்னணி ஓசை. பாராட்டுகள்.” அவ்வளவுதான், இதயப் படமா வந்து குவிஞ்சுது. ஒருத்தர், “ஹெட்செட் போட்டுக் கேட்டா இன்னும் தூள்”னு போட்டாரு.

பசிக்குக் கத்துற மாடு எது, வலிக்குக் கத்துற மாடு எதுன்னு தெரியாத ஆளு அந்த இருநூத்திப் பன்னெண்டுல ஒருத்தர் கிடையாது. எல்லாரும் சாணியள்ளி வளந்தவங்க. எனக்கும்தான் தெரிஞ்சுது. ஆனா பாதியில எந்திரிச்சா சான்றிதழ் போயிடுமே! அதோட எனக்கு மட்டும் ஒரு தனித் தொந்தரவு. ஒவ்வொரு கத்தலும் முதல்ல ஜன்னல் வழியா, அப்புறம் செல்போன் வழியான்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. பாடத்துல மனசு நிக்கல. எந்திரிச்சுப் போயி ஜன்னலைச் சாத்திட்டேன்.

ஒன்பதாவது ஸ்லைடுல அக்காவுக்குப் பொறுமை போச்சு. “என் மாடு செத்துச்சுன்னா உங்க படத்துலயா சார் பால் கறப்பேன்?”

அதுக்கப்புறம் அக்கா சத்தத்தையே காணோம். கையில எண்ணெயைத் தடவி, உள்ள விட்டு, கன்னைப் பின்னால தள்ளி, மடங்குன காலை நிமித்தி, தானே இழுத்திருக்கு. பதினோராவது ஸ்லைடு ஓடும்போது சின்னதா “ம்மா”ன்னு ஒரு குரல் கேட்டுச்சு.

“சார், கன்னுக்குட்டி சத்தத்துக்கு எந்த ஆப் யூஸ் பண்றீங்க?”ன்னு ஒருத்தர் கேட்டாரு.

கடைசியா வந்துச்சு பதினாலாவது. டாக்டர் கணீர்னு வாசிச்சாரு: “கன்றின் கால் மடங்கியிருந்தால், சற்றும் தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரை நேரில் அழைக்கவும்.”

சிறந்த ஒலியமைப்புன்னு டாக்டருக்குக் கேடயம் குடுத்தாங்க. எங்க இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் சான்றிதழ் வந்துச்சு. ரோசம்மாள் அக்கா லிங்க்ல வரல, அதனால விதிப்படி அக்காவுக்குக் கிடையாது. என்னோடதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ்ல மாட்டி வெச்சேன்.

பத்து நாள் கழிச்சுப் பால் ஊத்த வந்த அக்கா அதை அண்ணாந்து பாத்துச்சு. “என்னா தம்பி எழுதியிருக்குது?”

“கன்று ஈனும் மாட்டுக்கு முதலுதவி செய்யத் தகுதி பெற்றவர்”னு வாசிச்சேன்.

அக்கா காலி கேனை எடுத்து இடுப்புல வெச்சுக்கிச்சு. “அப்ப அடுத்த ஈத்துக்கு உன்னையே கூப்புடறேன். அந்த ஜன்னலை மட்டும் தொறந்து வையி.”