ஆகாயத்தில் காட்டிய மரியாதை

பாறசாலைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய், சாயா வேண்டுமா என்று கேட்ட உடனே வேண்டும் என்று சொல்கிறவனைப் பற்றி ஊரில் நல்ல அபிப்பிராயம் இருக்காது. முதல் தடவை, ‘வேண்டாம், இப்பம்தான் குடிச்சேன்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை, ‘உங்களுக்கு எதுக்கு சிரமம்.’ மூன்றாம் தடவை கேட்டால்தான் கையை நீட்டலாம். வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கக் கூடாது; அது வீட்டுக்காரரை அவமதிப்பது. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி அமலில் இருக்கும் சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இது தரையில் மட்டுமே செல்லும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தனுவச்சபுரத்தில் கல்லூரியில் படித்தபோது, மாணவர்களுக்கான விமானப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தேன். போர் விமானியாக வேண்டும். அதைவிடக் குறைந்த எதையும் நான் அன்று யோசிக்கவில்லை. அதற்கு முதல் படி, திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய இரட்டை இருக்கை விமானத்தில் அதிகாரி ஒருவருடன் பறந்து காட்டுவது. அவர் நல்ல வார்த்தை சொன்னால் விமானித் தேர்வுக்கான முகாம். இல்லையென்றால் குன்னத்துகாலில் அப்பாவின் ஹார்டுவேர் கடை.

பாதுகாப்புப் பாடங்களை நான் படிக்கவில்லை, அப்படியே வாழ்ந்தேன். ஸ்கூட்டரில் ஏறுமுன் சட்டைப் பையைக் காலி செய்வேன். (பறக்கும்போது பேனா விழுந்து மிதிகட்டையில் சிக்கினால் கதை முடிந்தது.) பஸ் வளைவில் திரும்புமுன் இடம், வலம், மேலே என்று பார்ப்பேன். மேலே எதற்கு என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டார். இன்ஜின் நின்றுபோனால் இறங்கத் தோதான இடத்தை ஜன்னல் வழியாகத் தேடிக்கொண்டே போவேன். ரப்பர், வீடு, மரச்சீனி, தென்னை, மறுபடியும் ரப்பர். எங்கள் தாலுகாவுக்கு மேல் யாருடைய இன்ஜினும் நிற்கக் கூடாது என்பது என் முடிவு.

பாடங்களில் தலையாயது கைமாற்றம். ஒரு விமானத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்ட வேண்டும். கொடுக்கிறவர் ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார். வாங்குகிறவர், விமானத்தைத் திருப்பும் ஓட்டுபிடியைக் கையில் பிடித்து, ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’ என்பார். அதைக் கேட்ட பிறகே முதலாமவர் கையை எடுப்பார். எடுத்ததை இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். இருவரும் பிடித்தாலும் ஆபத்து. இருவரும் விட்டாலும் ஆபத்து.

இதை எங்கள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு குடையைக் காலிடுக்கில் நட்டுக்கொண்டு, நானும் சஜினும் பழகினோம். சஜின் என்னுடன் தேர்வுக்குப் போகவிருந்த நண்பன். ஒருநாள் அப்பா கடையடைத்து வந்து பார்த்தார்.

“எலே, இது என்னவாக்கும்?”

விளக்கினேன்.

“அந்த ஆபீசரு தாறேன்னு சொன்ன உடனே டபக்குன்னு பிடிச்சுக்கிடுவியா?”

“அதுதானப்பா முறை.”

“நாணமில்லாத முறை. ஒரு வாட்டியாவது வேண்டாம்னு சொல்லணும் மக்கா. வளத்தவங்களச் சொல்லுவாங்க, கேட்டியா?”

சஜின் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, பாமரரின் அறியாமையைக் கண்டு வருந்தினேன். (அந்த வயதில் அந்த வருத்தம் எனக்கு அடிக்கடி வரும்.) கையைத் தூக்கிக் காட்டும் கட்டம் மட்டும் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. ஒரு குடையை வாங்கி அவரும் இரண்டு தடவை செய்து பார்த்தார்.

அந்த நாள் வந்தது. அதிகாரி வடக்கே எங்கிருந்தோ வந்தவர். ஏலக்காய் மென்றுகொண்டு, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதவர். நான் பையைக் காலி செய்தேன், பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், இறக்கை மடல்களின் அசைவைச் சரிபார்த்தேன். அவர் தலையசைத்தார். எழும்பினோம். கீழே நெய்யாற்றின்கரை ஓட்டுக் கூரைகளாகச் சிதறிக் கிடந்தது. தூரத்தில், கள்ளிக்காட்டுப் பக்கம், அணைத் தண்ணீர் மின்னியது. விமானம் நேராக, அமைதியாகப் போனது.

“யூ ஹேவ் கண்ட்ரோல்” என்றார்.

என் வாய் திறந்தது. என் வம்சமே அதன் வழியாகப் பேசியது.

“நோ சார், பரவாயில்ல சார். யூ ப்ளீஸ்.”

ஹெட்செட்டில் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னார். “யூ ஹேவ் கண்ட்ரோல்.”

“உங்களுக்கு எதுக்கு சார் ட்ரபிள்” என்றேன். கை மடியில் இருந்தது. சரியான பதில் என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே, வேறு யாரோ பேசுவதைப்போல என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பயிற்சியை ரத்து செய்தார். “ஐ ஹேவ் கண்ட்ரோல்.”

அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. புரியவும் செய்தது. ஆனால் எண்ணிக்கையில் அது மூன்றாவது. மூன்றாவதற்கு நீட்டியே பழகிய கை நீண்டது. ஓட்டுபிடியை இறுகப் பற்றியது.

“ஐ ஹேவ் கண்ட்ரோல் சார்!”

“லீவ் இட்!”

வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதா? ஓட்டலில் சாப்பாட்டுப் பணம் கொடுக்க முந்தும் சம்பந்திகளைப்போல நாங்கள் இருவரும் இழுத்தோம். இடது இறக்கை தாழ்ந்தது. ஜன்னல் முழுக்க ரப்பர் மரங்கள். இறங்க இடமில்லை என்ற என் ஆய்வு சரிதான் என்பது தெரிந்தது. அவர் என் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி போட்டார். விட்டேன். விட்டதைக் காட்ட இரண்டு கையையும் தூக்கினேன். தரை தொட்டு விமானம் நிற்கும்வரை இறக்கவில்லை.

(கொள்ளைக்காரனிடம் சிக்கியவனைப்போல ஒருவன் கையைத் தூக்கியபடி வந்து இறங்கியதாக, ஓடுபாதையோரம் நின்ற சஜின் இன்றும் சாட்சி சொல்கிறான்.)

அறையில் அதிகாரி கேட்டார், “டீ?”

“நோ சார்.”

அவர் அதை அப்படியே நம்பினார். தனக்கு மட்டும் ஊற்றிக் குடித்துவிட்டு, ‘நீ நல்ல பையன். ஆனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிறவன் உயிரோடு இறங்கமாட்டான்’ என்று ஆங்கிலத்தில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சிப் பார்த்திருக்கலாம். அடுத்துப் பறந்த சஜின், கேட்ட மாத்திரத்தில் நாணமில்லாமல் வாங்கிக்கொண்டான். இன்று அவன் விமானப்படையில் இருக்கிறான்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். நெய்யாற்றின்கரையில் இறங்கத் தயாரான ஒருவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, “இருந்துக்கோ மக்கா” என்று இடம் கொடுத்தார். “வேண்டாம்” என்றேன். அதற்குள் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். வீடுவரை நின்றுகொண்டே வந்தேன். வாழ்க்கை முழுவதும் இப்படித்தான் போகும் என்று அப்போது தோன்றியது. அந்தக் கணிப்பு பெரிதாகத் தவறவில்லை.

வீட்டில் அம்மா பாயசம் வைத்திருந்தாள். சஜினின் போன் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. அப்பா பாயசப் பாத்திரத்தை மூடி வைத்தார். பிறகு கேட்டார்:

“எத்தன வாட்டி வேண்டாம்னு சொன்ன?”

“ரெண்டு.”

“நான் ஒண்ணுல்லா சொன்னேன்!”

அன்று முதல் எங்கள் வீட்டில் மீன்குழம்புக் கரண்டி, டி.வி. ரிமோட், பிறந்த குழந்தை எதுவும் அந்த ஆங்கில வாக்கியம் இல்லாமல் கைமாறுவதில்லை. நான் கடைக்குப் போகவில்லை; பத்திரிகையில் சேர்ந்தேன். விமானம் பற்றிய செய்தி எது வந்தாலும் மேசையில் என் பக்கம் தள்ளுகிறார்கள். இரண்டு முறை மறுத்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவர் இத்தனை வருடம் ஓட்டிய ஜீப்பை இனித் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஜீப்பை அவர் அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சாவியை என்னிடம் நீட்டினார்.

“யூ ஹேவ் கண்ட்ரோல்.”

“வேண்டாம்ப்பா, நீங்க சுகமான பெறகு…”

“ஒண்ணு ஆச்சு” என்றார் அப்பா. “இதுக்கு மேல சொல்லாத, மக்கா.”

வாங்கிக்கொண்டேன். அப்பா பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, முற்றத்தில் பழகியதுபோல, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பாறசாலை வளைவு வந்தபோதுதான் கவனித்தேன்: ஒரு கை மட்டும் இறங்கி, ஹேண்ட்பிரேக்கை இறுகப் பிடித்திருந்தது.