ஓய்வா, மரணமா?

எழுபது பேருடைய முதுமையை நான் ஒருமுறை மிக அழகான தமிழில் கொள்ளையடிக்கப் பார்த்திருக்கிறேன். நான்கு பக்கம். ஒரு சந்திப்பிழை கிடையாது. அந்த எழுபது பேரில் நானும் ஒருவன் என்பது எழுதி முடித்து மூன்று வாரம் கழித்துத்தான் என் புத்திக்கு எட்டியது.

அந்தக் கொள்ளை நடக்காமல் போனதற்கு ஒரே காரணம் 'அதுக்கில்ல சார்' என்று நாங்கள் கூப்பிட்ட மனிதர். ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்திய மனிதர் இந்த நாட்டிலேயே அவர் ஒருவர்தான். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு நாலு கட்டடம் தள்ளி, பெயர் சொல்லாவிட்டால் எனக்கு நல்லது என்று நினைக்கும் ஒரு வாரியத்தில், அவர் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். நான் அவருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து வெளியூர்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி, யார் எதை எடுத்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது.

ஸ்கேலால் முதுகு சொறிந்தால், "அதுக்கில்ல சார்." ஸ்டாப்ளரைப் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்தால், "அதுக்கில்ல சார்." அவரிடம் வெயிலுக்கு ஒரு குடை, மழைக்கு ஒரு குடை. வெயிலும் மழையும் சேர்ந்து வந்த ஒரு மாலையில் இரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார் என்று எங்கள் டைப்பிஸ்ட் அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். நான் பார்க்கவில்லை. ஆனால் சந்தேகப்படவும் இல்லை.

ஒரு சித்திரை மாதம் கரண்ட் போனபோது கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டேன். எழுந்து வந்தார். ஃபைலை வாங்கினார். தூசி தட்டினார். "இது கோப்பு. காத்துக்கில்ல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் என் மேசையில் ஒரு பனையோலை விசிறி இருந்தது. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஆளைத் திட்டவும் முடியாது, தாங்கவும் முடியாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் எங்கள் வாரியத் தலைவருக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. தலைவர்களுக்கு நல்ல எண்ணம் தோன்றுவது ஆபத்து; கெட்ட எண்ணமென்றால் எதிர்க்கலாம். கிரிவலப் பாதையில் நடந்து களைக்கிற ஜனங்களுக்கு வாரியத்தின் சார்பில் நிரந்தரமாக ஒரு நிழற்கூடம். உட்கார கிரானைட் பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், முகப்பில் சிறிய அளவில் தலைவர் பெயர். சிறிய அளவு என்பது மலை உச்சியிலிருந்து படிக்கக்கூடிய அளவு. கார்த்திகை தீபத்துக்குள் திறந்துவிட வேண்டும். பணம் இல்லை. ஆனால் ஊழியர் ஓய்வுக்கால நிதி என்று ஒன்று, யாரும் தொடாமல், பாங்கில் சும்மா படுத்துக் கிடந்தது.

"சும்மாத்தானே கெடக்குது. எடுத்துக் கட்டிட்டு ஆறு மாசத்துல திருப்பி வெச்சிடலாம்," என்ற தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க தமிழ் நல்லா இருக்கும்னு சொல்றாங்க. ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க."

என் தமிழ் நல்லா இருக்கும் என்று ஒருவர் சொல்லிவிட்டால் நான் என் வீட்டுப் பத்திரத்தையே எழுதிக் கொடுத்துவிடுவேன். எழுதினேன். வெந்த பாதங்கள் வந்தன, தாகித்த நாவுகள் வந்தன, அருணைமலையின் கருணை வந்தது. தலைவர் இரண்டு முறை படித்துவிட்டு எனக்கு மட்டும் முந்திரி பிஸ்கெட் வரவழைத்தார்.

குறிப்பு அதுக்கில்ல சாரிடம் போனது. அவர் பாதங்களையும் நாவுகளையும் தாண்டி நேராகக் கடைசி வரிக்குப் போனார். பிறகு அலமாரியைத் திறந்து, நிதியிலிருந்து பணம் எடுக்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்.

"ஐயா, இதுல காரணம்னு போட்டு ரெண்டு கட்டம் இருக்குதுங்க. ஓய்வு, மரணம். எதுல டிக் பண்றதுங்க?"

"மூணாவதா 'இதர'ன்னு ஒண்ணு போட்டுக்கய்யா."

"அதுக்கில்லீங்க ஐயா. இந்தக் காசு வெளிய வர்றதுக்கு ரெண்டே வழி. ஆள் ஓய்வு பெறணும், இல்லன்னா போய்ச் சேரணும்."

"நிழற்கூடம் எப்படிய்யா ஓய்வு பெறும்?"

"அதாங்க நானும் யோசிக்கிறேன். அதுக்குப் பணிப்பதிவேடு இருந்தா பார்க்கலாங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் பயங்கரம். மறுநாள் காலை பத்தரைக்குப் படிவத்தோடு மறுபடி போய் நின்றார். அடுத்த நாளும் போனார். தலைவரைப் பார்க்க ஆள் வந்திருந்தாலும் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்பார்: "ஐயா, ஓய்வா, மரணமா? எதுன்னு சொல்லிட்டா வேலையை ஆரம்பிச்சுடலாங்க." வாழ்த்துச் சொல்ல மாலையோடு வந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, அந்த மாலையை எந்த முகத்தோடு போடுவது என்று தெரியாமல் நின்றார். இரண்டாவது வாரம் தலைவர் பி.பி. பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் தலைவரே வழி கண்டுபிடித்தார். "விதியை மாத்த முடியுமா, முடியாதா?"

"முடியுங்க. நிதியில இருக்கிற எழுபது பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். என்ன ஏதுன்னு படிச்சுச் சொல்லிட்டுத்தான் வாங்கணும்." என்னைப் பார்த்தார். "குறிப்பை எழுதினவர்தான் படிக்கணும்."

கடைசியில் சொன்ன அந்த விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிற்பாடு தேடிப் பார்த்தேன். வாழ்நாளில் அவர் சொந்தமாக இயற்றிய விதி அது ஒன்றுதான்.

முதலில் கையெழுத்து வாங்க வேண்டியது கன்னியம்மாளிடம். எங்கள் ஆபீசைப் பெருக்கித் துடைக்கிறவர், எழுபது பேரில் மூத்தவர், பங்குனியில் ஓய்வு. முட்டிவலி என்று லீவில் இருந்ததால் என் பைக்கில் நானும் அதுக்கில்ல சாரும் அடி அண்ணாமலைக்கு, அவர் வீட்டுக்கே போனோம். ஷீட் போட்ட ஒற்றை அறை. கன்னியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஓய்வுப் பணம் வந்தால் ஒரு தளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்றும், வராவிட்டால் செங்கம் ரோட்டு லாட்ஜில் ரூம் கழுவக் கூப்பிடுகிறார்கள், அந்த முட்டியோடு மூணு மாடி ஏற வேண்டும் என்றும் போன உடனேயே சொன்னார். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நான் படித்தேன். ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். வெந்த பாதங்கள் வந்த இடத்தில் அவர் கண் கலங்கியது. படித்து முடித்ததும் சொன்னார்: "ரொம்ப நல்ல விசயம் சார். கேக்கவே எவ்ளோ நல்லாருக்குது. யாரு காசுல கட்றாங்க?"

நான் குறிப்பைப் புரட்டினேன். நான்கு பக்கத்தில் அது மட்டும் எங்கும் இல்லை. கடைசி வரியில் 'வாரியத்தின் உபரி வளம்' என்று எழுதியிருந்தேன்.

"உங்க ஓய்வுப் பணத்துலதான்மா."

"என்னுதா?"

"எல்லாருதும். என்னுதும்தான்."

"உங்குளுதையும் சேத்தா சார் எழுதிக்கினு வந்தீங்க?" கோபமில்லை, படித்தவனைப் பார்த்து வருகிற சுத்தமான ஆச்சரியம். கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நடக்கறவங்க நெழல்ல குந்தட்டும் சார். நல்லா குந்தட்டும். நான் எங்க குந்தறது?"

அதுக்கில்ல சார் கூரை ஷீட்டை ஏதோ ஆடிட் செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களிடம் அந்தக் குறிப்போடு நான் போகவில்லை. ஆபீசுக்குத் திரும்பி இன்னொரு குறிப்பு எழுதினேன். மூன்று வரி: இந்த நிதி எங்கள் ஓய்வுக்கானது, வேறு எதற்கும் இதைத் தர எங்களுக்குச் சம்மதமில்லை, இப்படிக்கு. முதல் கையெழுத்து என்னுடையது. அதுக்கில்ல சார் படித்தார். "இது நல்ல தமிழ்," என்றார். பிஸ்கெட் இல்லை. கன்னியம்மாளுக்குத் தாளை வீட்டுக்கே அனுப்பினோம். சாயங்காலத்துக்குள் எழுபதும் விழுந்தது.

தலைவர் கெட்டவர் இல்லை. தோற்றதும், "சரிய்யா, எனக்குப் புது கார் வாங்க ஒதுக்கியிருக்குதே, அதுலேர்ந்து கட்டுங்க," என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

"அது காருக்குங்க ஐயா," என்றார் அதுக்கில்ல சார்.

தலைவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ஊர் வியாபாரிகளிடம் நன்கொடை கேட்கப் போனார். நிழற்கூடம் தீபத்துக்கு வந்துவிட்டது. நல்ல நிழல், நானே உட்கார்ந்திருக்கிறேன். பெயர்ப் பலகையும் அதே சிறிய அளவில்தான் இருக்கிறது.

பங்குனியில் கன்னியம்மாளுக்குப் பணம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து அதுக்கில்ல சாரும் ஓய்வு பெற்றார். அவருடைய மகன் அந்தப் பணத்தில் ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு காஃபி ஷாப் வைக்கலாம் என்று திட்டத்தோடு வந்தான். பதில் என்னவென்று உங்களுக்கே தெரியும். "பின்ன என்ன சார் பண்ணப் போறீங்க?" என்று நான் கேட்டேன். "ஓய்வுக்குக் குடுத்தாங்க. ஓய்வு எடுக்கப் போறேன்," என்றார். எடுத்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் அடி அண்ணாமலையில் கன்னியம்மாளைப் பார்த்தேன். தளம் போட்ட வீடு, வாசலில் நாற்காலி, நாற்காலியில் அவர். பேச்சு அதுக்கில்ல சாரிடம் போனது.

"அவுரு அன்னிக்கு நம்ம வூட்ல காபி குடிக்கல, தெரியுமா சார்? 'வேலையா வந்தேன்மா, காபிக்கு வரல'ன்னுட்டாரு. எனக்குக் காசு வந்து, தளம் போட்டு முடிச்ச அடுத்த ஞாயித்துக்கெழம, வேங்கிக்கால்லேர்ந்து சைக்கிள மிதிச்சிக்கினு வந்து எறங்குறாரு. இன்னா சார்னேன். 'காபி குடிக்க வந்தேம்மா'ன்றாரு. குடிச்சாரு. தளத்த ஒரு தடவ அண்ணாந்து பாத்தாரு. கெளம்பிட்டாரு."

அந்த மனிதருக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருக்கக் கொடுத்து வைத்ததைப் பற்றி ஒரு நல்ல வாக்கியம் மனதுக்குள் உருவாகிக்கொண்டிருந்தது.

"அவர் மாதிரி வராதும்மா. நாங்க ரெண்டு பேரும் அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அன்னிக்கே ரெண்டு டம்ளரு குடிச்சிட்டீங்க சார்," என்றார் கன்னியம்மாள்.