இரண்டாம் தொட்டியில் சோடா உப்பு

மோகனூர் ரோடு, நாமக்கல்.
செவ்வாய்க்கிழமை, காலை.

சௌபாக்கியவதி மோகனப்பிரியாவுக்கு மாமனார் காளியண்ணன் பல ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் பன்னிரண்டாயிரம் கோழிகளும் சித்திரை வெயிலுக்குத் தகுந்த அளவில் நலம். நடுக்கடலில் இருக்கும் நீ நலமா, வாந்தி நின்றதா, கப்பலில் போடும் சோறு வாயில் வைக்கும்படி இருக்கிறதா என்று அறிய ஆவல். நீ எங்களிடம் விட்டுவிட்டுப் போன கடல் முள்ளெலிகளின் நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை ஒரு வரியில் சொல்ல முடியாது. பொறுமையாகப் படி.

கப்பலுக்குப் போன் போகாது என்றாய். போனாலும் நான் கடிதம்தான் எழுதியிருப்பேன். போனில் எதைச் சொன்னாலும் நீ "செரிங்க மாமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வாய். அந்தச் "செரிங்க"வைக் கேட்கும் தெம்பு இப்போது எனக்கு இல்லை. இன்று மாலை நம் முட்டை லோடு தூத்துக்குடிக்குப் போகிறது. டிரைவர் பூபதியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை நீ கரை இறங்கியதும் உன் விடுதியில் இந்தக் கவரும் இரண்டு அட்டை முட்டையும் காத்திருக்கும். என் மேல் கோபம் வந்தால் முட்டைகளைப் பார்த்துக்கொள், எல்லாம் நல்ல கெட்டி ஓடு.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் கடல் கிடையாது. எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் அரை நாள் உட்கார்ந்தால்தான் கடல் வரும். இப்படிப்பட்ட ஊருக்குக் கடல் படிப்புப் படிக்கிற மருமகள் வருகிறாள் என்றதும் "நமக்கும் கடலுக்கும் என்னுங்க சம்பந்தம்?" என்று சொந்தத்தில் நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவதாக நானும் கேட்டேன். ஆனால் கடலே வேன் ஏறி வீட்டுக்கு வரும் என்று அப்போது யாரும் எச்சரிக்கவில்லை. உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் ஜெனரேட்டர் படுத்துவிட்டது, நீ இருபது நாள் கப்பலில் போயே ஆக வேண்டும். நம் முட்டை ரூமில் ஏ.சி. உண்டு, ஜெனரேட்டர் உண்டு, வெட்டியாக இருக்கும் மாமனார் ஒருவரும் உண்டு. மூன்றையும் நீ சரியாகக் கணக்குப் போட்டாய். மூன்று கண்ணாடித் தொட்டி, கேன் கேனாகக் கடல் தண்ணீர், சோடாக் கடையில் இருப்பது மாதிரி ஒரு கேஸ் சிலிண்டர், பதினைந்து முள்ளெலி, எல்லாம் வந்து இறங்கின.

முள்ளெலி என்று பெயர் வைத்த மகானை ஒருமுறை பார்க்க வேண்டும். வால் இல்லை, கண் இல்லை, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று அதற்கே தெரியுமோ என்னவோ. ஊமத்தங்காயைத் தண்ணீரில் போட்டு வைத்த மாதிரி இருந்தது. "ஏஞ்சாமி, இதுக்கு வாய் எங்க இருக்குது?" என்று உன் அத்தை கேட்டாள். "அடியிலீங்க அத்தை. அஞ்சு பல்லு இருக்குது" என்றாய். ஐந்து பல்லையும் தரையில் வைத்துக்கொண்டு குப்புறக் கிடக்கும் ஒரு பிராணிக்காக மூன்று வருடம் பாறை பாறையாக இறங்கியிருக்கிறாயே என்று உன் அத்தை அன்றைக்கெல்லாம் வருத்தப்பட்டாள்.

முதல் தொட்டி நல்ல கடல், இரண்டாம் தொட்டி புளித்த கடல், மூன்றாம் தொட்டி அழுக்குக் கடல் என்று நீ விளக்கினாய். நாம் எரிக்கிற டீசலும் கரியும் விடும் புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துக்கொள்கிறது, அதனால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் புளிக்கிறது, புளித்தால் ஓடு கட்டவும் முள் வளர்க்கவும் முள்ளெலிக்குச் சுண்ணாம்பு கிடைக்காது, இன்னும் எழுபது எண்பது வருடத்தில் கடல் இருக்கப்போகும் நிலையை, சிலிண்டர் கேஸை விட்டு, இரண்டாம் தொட்டியில் இன்றைக்கே வைத்திருக்கிறேன் என்றாய். எண்பது வருடம் கழித்து வரப்போகிற கஷ்டத்தை இப்போதே வாடகை வேன் பிடித்து மாமனார் வீட்டுக்குக் கொண்டுவந்த மருமகள் இந்த மாவட்டத்திலேயே நீ ஒருத்திதான். மூன்றாம் தொட்டியில் பிளாஸ்டிக் தூளும் சாக்கடைத் தண்ணீரும் கலந்திருப்பதாகச் சொன்னாய். அதற்காகவா தூத்துக்குடியில் இருந்து சுமந்து வந்தாய்? இங்கே பக்கத்தில் எந்த ஓடையில் குடத்தை விட்டாலும் இதைவிட உயர்ந்த ரகம் கிடைக்குமே. உப்பை மட்டும் நாம் போட்டுக்கொண்டிருக்கலாம்.

நீ போன மறுநாளே கூத்து ஆரம்பித்தது. தீவனம் விற்கிற ஆள் முட்டை ரூமுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, புதுசா என்னமோ வளக்கறீங்களாட்டம் இருக்குது. இது எத்தன நாளைக்கு ஒருக்கா முட்டை உடுமுங்க?" என்று கேட்டான். நீ சொன்னது நினைவுக்கு வந்து, "ஒரே தடவைல பல லட்சம் உடும்" என்றேன். நாமக்கல்லில் இதைச் சொல்லலாமா? மறுநாள் காலை பதினொரு பேர் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். கூண்டு எத்தனை அடி, தீவனம் என்ன, தடுப்பூசி உண்டா என்று கேள்வி மேல் கேள்வி. ஒருவர் போட்டோ பிடித்து எங்கள் பண்ணையாளர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "காளியண்ணன் அண்ணன் அடுத்த கட்டத்துக்குப் போயிட்டாருங்க" என்று எழுதினார். நானும் மறுத்துப் பேசவில்லை. வந்த கௌரவத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை.

அன்று மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் மூச்சு வாங்கியது. ஷெட் மேஸ்திரி அன்பழகன் ஓடிவந்து, "ஷெட்டு ஃபேனை ஓட்டறதுங்களா, இந்த ரூம் ஏ.சி.ய ஓட்டறதுங்களா? ரெண்டும் தாங்காதுங்க" என்றான். மருமகள் ஒப்படைத்துவிட்டுப் போனது ஆயிற்றே என்று ஏ.சி. என்றேன். பன்னிரண்டாயிரம் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பதினைந்து ஊமத்தங்காய்கள் முக்கால் மணி நேரம் குளுகுளுவென்று இருந்தன. அன்பழகன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத முடியாது.

உன் அத்தையும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் தொட்டி முள்ளெலிகள் பிளாஸ்டிக் துணுக்குகளைப் பொறுக்கித் தலையில் சுமந்துகொண்டு திரிந்தன. கடலில் சிப்பித் துண்டையும் பாசியையும் அப்படிச் சுமக்கும் என்று நீ சொல்லியிருந்தாய். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் காப்பி குடித்ததும் போய், பேன் எடுக்கிற மாதிரி ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கி எடுத்திருக்கிறாள். எனக்கு இது முந்தாநாள்தான் தெரியும். அதைக் கண்டிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இனி என் கதை. ஐந்தாம் நாள் இரண்டாம் தொட்டியில் எட்டிப் பார்த்தேன். அடியில் முள் உதிர்ந்து கிடந்தது. ஐந்து முள்ளெலியும் சுரத்தே இல்லாமல் இருந்தன. ஓடு மெலிகிறது, சுண்ணாம்பு பற்றவில்லை என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடமாக நான் பார்க்கிற வேலையே அதுதானே, அம்மணி? வெயில் காலத்தில் கோழி இளைத்தால் முட்டை ஓடு காகிதமாகிவிடும். அதற்கு நாமக்கல்லில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட வைத்தியம் தெரியும். குடிக்கிற தண்ணீரில் சோடா உப்பு, தீவனத்தில் கிளிஞ்சல் தூள். சமையலறையில் இருந்து ஆப்ப சோடா டப்பாவை எடுத்துவந்து தினமும் ஒரு கரண்டி கரைத்து விட்டேன். கிளிஞ்சலும் ஒரு பிடி போட்டேன். பத்து நாள் ஆகவில்லை, ஐந்தும் கண்ணாடியில் ஏறி நிற்கின்றன, உதிர்ந்த இடத்தில் புது முள் தலைகாட்டுகிறது! வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் கடல் நோயை ஒரு ஆப்ப சோடா டப்பாவில் தீர்த்துவிட்டேன் என்று டீக்கடையில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் புருஷன் சேலத்தில் இருந்து வந்தான். பெருமையாக அழைத்துப் போய்க் காட்டினேன். ஈஸ்வர் தொட்டியைப் பார்த்தான், சோடா டப்பாவைப் பார்த்தான், நீ எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்புத் தாள்களை எடுத்துப் புரட்டினான். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா, மூணாம் பக்கம் படிச்சீங்களா?"

"மொதப் பக்கத்துலயே எல்லாம் வெளங்கீருச்சு."

"அந்தத் தொட்டி வாடோணும்னுதானுங்க வெச்சுட்டுப் போயிருக்கறா. எத்தன முள்ளு உதுருது, எவ்வளவு மெலியுதுன்னு அளக்கறதுதான் அவ படிப்பே. நீங்க அதக் காப்பாத்தி உட்டுட்டீங்க."

"ஏண்டா, ஒரு சீவன் சாகறத வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு பட்டமா?"

"இந்த அஞ்சப் பாத்து எழுதுனாத்தான் கடல்ல இருக்கறதுக்கு ஒரு வழி சொல்ல முடியுமுங்க."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். "இரண்டாம் தொட்டியில் என்ன நடந்தாலும் எதையும் மாற்ற வேண்டாம்" என்கிற வரியை மூன்றாம் பக்கத்தில், மற்ற வரிகளோடு வரியாக எழுதலாமா? எலி மருந்து டப்பாவில்கூட மண்டை ஓட்டை மேலேதான் போடுகிறான். எங்கள் தொழிலில் நோய் கண்டதைப் பிழைக்க வைத்தால் சபாஷ் என்பார்கள். உங்கள் தொழிலில் அதற்குப் பெயர் நாசவேலை என்று நான் எங்கே கண்டேன்?

சரி, இவ்வளவு நேரம் நீட்டி முழக்கியது எல்லாம் இனி சொல்லப்போவதைத் தள்ளிப்போடத்தான். ஈஸ்வருக்கும் இது தெரியாது. தினமும் புளிப்பை அளக்கிற பி.எச். மீட்டரைத் தண்ணீரில் விட்டு, வருகிற எண்ணை நோட்டில் எழுதச் சொன்னாய். நம் ஷெட் வாசலில் தொங்குகிற வெப்பநிலைத் தாளை நீயும் பார்த்திருப்பாய். அன்பழகன் மாதம் பிறந்த அன்றைக்கே முப்பது நாளுக்கும் நிரப்பிவிடுவான். வந்து பார்க்கிற அதிகாரிகளுக்கும் அதில் திருப்தி. அந்தப் பழக்கத்தில் நானும் நீ போன அன்று மாலையே உட்கார்ந்து இருபது நாளுக்கும் எழுதி முடித்துவிட்டேன். இரண்டாம் தொட்டிக்கு, நீ முதல் நாள் காட்டிய அதே 7.7, 7.7, 7.7. மீட்டரை டப்பாவில் இருந்து வெளியே எடுத்ததே இந்த ஞாயிற்றுக்கிழமைதான். அது காட்டியது 8.3. எண் ஏறினால் புளிப்பு இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நோட்டில் 7.7 இருக்கும், தொட்டியில் ஐந்தும் கொழுகொழுவென்று இருக்கும். கடல் புளித்தால் முள்ளெலிக்கு உடம்பு தேறுகிறது என்று நீ எழுதுவாய். புகை விடுகிற அத்தனை பேரும் உனக்கு மாலை போட வருவார்கள். உலகத்திலேயே நல்ல செய்தி கண்டுபிடித்த ஒரே கடல் விஞ்ஞானி நீதான் என்றாகும். இரண்டு நாள் அந்த எண்ணத்தோடு இருந்து பார்த்தேன். சரிப்படவில்லை. கையெல்லாம் முள் குத்தி நீ மூன்று வருடம் செய்த வேலையில் என் கையெழுத்தில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, சாமி. என்னை மன்னித்துவிடு.

பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதன் மேல் "இது பொய்" என்று எழுதி, அடுத்த பக்கத்தில் எந்தத் தேதியில் எத்தனை கரண்டி என்று நினைவுக்கு எட்டியவரை எழுதியிருக்கிறேன். உன் அத்தை பொறுக்கிய துணுக்குகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள், எண்ணிப் பார்த்ததில் இருநூற்றுப் பதினாறு. அதையும் குறித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையே சோடாவை நிறுத்திவிட்டேன். ஈஸ்வரை வைத்துக் கிளிஞ்சலை எல்லாம் அள்ளி, கேனில் மிச்சம் இருந்த கடல் தண்ணீரை மாற்றி, சிலிண்டர் நீ வைத்த அளவில்தான் இருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. தண்ணீர் மறுபடி புளிக்க ஆரம்பித்துவிட்டது. இனி நான் கைகட்டி நிற்பேன். முள் உதிர்ந்தால் எண்ணுவேன், செத்தால் மணி நிமிடத்தோடு எழுதுவேன், அதற்கு மேல் ஒரு விரலை அசைக்க மாட்டேன். இது உறுதி.

அள்ளிய கிளிஞ்சலைச் சாக்கில் கொட்டும்போது அதன் மேல் இருந்த சீட்டைப் படித்தேன். உன் தூத்துக்குடிக் கடற்கரைச் சரக்கு. முப்பது வருடமாக என் கோழிகள் அதைத் தின்றுதான் ஓடு கட்டியிருக்கின்றன. கடலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று ஐந்தாவதாகக் கேட்ட ஆள் யார் என்பதை உன் அம்மா வீட்டில் சொல்லிவிடாதே.

வெள்ளிக்கிழமைக்குள் வேன் வைத்துத் தொட்டிகளை எடுத்துப் போ. இனிமேல் இந்த வீட்டுக்குள் கடல் வரக் கூடாது. உன் உடம்பைக் கவனித்துக்கொள். அத்தை முத்தாயம்மாள் வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். நீ பட்டம் வாங்கி டாக்டர் மோகனப்பிரியா என்று போர்டு மாட்டுகிற நாளில், இந்தச் சோடா சமாச்சாரத்தை யாரும் கிளறாமல் இருக்க நம் கோட்டை ஆஞ்சநேயர் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் இவ்வளவையும் செய்த மாமனார்,
காளியண்ணன்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். லோடு ஏற்றி முடிந்து பூபதி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். முட்டை எடுக்கப் போனவன் இரண்டாம் தொட்டியைப் பார்த்துத் தொலைத்தேன். ஏழு முள் உதிர்ந்து கிடக்கிறது. எண்ணி எழுதினேன். ஐந்தில் சின்னது கண்ணாடியில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. அதையும் எழுதினேன். மறுபடி ஏறி மறுபடி விழுந்தது. மூன்றாம் தடவை நோட்டை மூடிவிட்டேன். பிறகு திறந்து இப்படி எழுதியிருக்கிறேன்: "செவ்வாய், மாலை 5.42, சோடா உப்பு ஒரு கரண்டி, போட்டது காளியண்ணன்." நீ வந்து தடுக்கும்வரை தினமும் போடுவேன், தினமும் எழுதுவேன்.